தார் டப்பா: குடியாத்தத்தில் காணாமல்போன 14 சவரன்

நகை தொலைந்த வீட்டுக்குப் போலீஸ் வரும், மை போடுகிறவர் வருவார், வேண்டாத சொந்தமெல்லாம் துக்கம் விசாரிக்க வரும். உளவியல் ஆலோசகரைக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. என்னையும் நகைக்காகக் கூப்பிடவில்லை. "அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சான்னு பாருங்க மேடம்" என்றுதான் மகன் போனில் சொன்னார். நகை விஷயம் அவர் வாயிலிருந்து வர இன்னும் கால் மணி நேரம் ஆனது.

வேலூரில் நாலு நாள், குடியாத்தத்தில் இரண்டு நாள் என்று உட்கார்ந்து பார்க்கிறேன். ஞாபக மறதி என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்குப் படித்தது நிற்கவில்லை என்று பிள்ளையை இழுத்து வரும் பெற்றோர். மீதியில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியதும் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துப் பயந்துபோனவர்கள். உண்மையாகவே நோய் தொடங்கியவர்கள் தாமாக வருவதில்லை, யாராவது கூட்டி வருவார்கள். இந்தக் குடும்பம் எதிலும் சேரவில்லை. எழுதச் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

அம்மாவுக்கு 68 வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் இறந்து 11 வருஷம். அதுவரை வீட்டில் லுங்கித் தறி ஓடியது. அவர் போனதும் தறியைப் பிரித்து விற்றுவிட்டு, தறிக்குழியை மண் போட்டு மூடி சிமென்ட் பூசிவிட்டார்கள். அந்த அறையில் இப்போது கட்டிலும் பீரோவும் இருக்கின்றன. மகன், மருமகள், 9 வயதுப் பேரன் ஆகியோர் கூட இருக்கிறார்கள். மகள் பெங்களூரில்.

சித்திரை கடைசி நாள் கெங்கையம்மன் தேர். மறுநாள், வைகாசி முதல் தேதி, சிரசுத் திருவிழா. குடியாத்தத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து உடலில் பொருத்தப்படும். வழியெல்லாம் தேங்காய் சிதறும். பிழைப்புக்காக எங்கெங்கோ போன பிள்ளைகள் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். தீபாவளிக்கு வராதவன்கூட சிரசுக்கு வந்துவிடுவான்.

தேர் நாள் சாயங்காலம் அந்த வீட்டில் 17 பேர். பெங்களூர் மாப்பிள்ளை குடும்பத்துக்குப் பீரோ இருக்கிற அறையைத்தான் ஒதுக்கினார்கள். அந்தப் பீரோ பூட்டினால் பூட்டிக்கொள்ளாது. கதவு ஒரு பக்கம் இறங்கி, தானாகவே திறந்து நிற்கும். உள்ளே ஓர் ஆரம், நாலு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி, எல்லாம் சேர்த்து 14 சவரன். அம்மா அதை எடுத்துப் "பத்திரமான இடத்துல" வைத்தார்.

23 நாள் கழித்து மகள் வயிற்றுப் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்காக நகையைக் கேட்டார்கள். அம்மா எழுந்து பீரோவைத் திறந்தார். இல்லை. பீரோவிலிருந்து எடுத்தது நினைவு வந்தது. எங்கே வைத்தார் என்பது வரவே இல்லை.

இரண்டு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். 25ஆம் நாள் மை போட்டுப் பார்க்கப் போனார்கள். தெரியாதவர்களுக்கு: வெற்றிலையில் மையைத் தடவி, சின்னப் பிள்ளையை அதையே உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். கள்ளமில்லாத கண்ணுக்குத்தான் திருடன் முகம் தெரியுமாம். பேரனை உட்காரவைத்தார்கள். மருமகள் எனக்குச் சொன்னபடி கேள்விகள் இப்படிப் போயின: "ஒரு பொம்பள தெரியறாங்களா பாரு. தெரியுதா? புடவை இன்னா கலரு? கையில இன்னா கீது, பையா?" பையன் பச்சை என்றான். பை என்றான்.

வீட்டில் ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, வாசல் பெருக்கி வந்த பெண் ஒருவர் இருந்தார். மை போட்டு வந்த இரண்டாம் நாள் பையன், "மையில மட்டும் இல்ல, சிரசு அன்னைக்குக் காலையில நெஜமாவே பார்த்தேன். அந்த அக்கா பீரோ ரூம்லேர்ந்து பையோட வந்தாங்க" என்றான். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போலீசில் எழுதிக் கொடுக்கலாமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். அது 31ஆம் நாள்.

நோய்தானா

முதலில் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். 30 மதிப்பெண் கொண்ட சாதாரண மனநிலைப் பரிசோதனையில் அம்மா 27 எடுத்தார். தேதியில் ஒன்று தவறியது. ஐந்து நிமிடம் கழித்துச் சொல்ல வேண்டிய மூன்று சொற்களில் ஒன்று விட்டுப்போனது. ஒன்றோடொன்று ஒட்டிய ஐங்கோணங்களை வரைவதில் ஒன்று போனது. பேனா பிடித்தே பல வருஷம் ஆன ஒருவர் ஐங்கோணத்தைத் தப்பாக வரைவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. அந்த மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அவர் நடத்துகிற சீட்டு. 12 பேர், மாதச் சீட்டு, யார் எப்போது எடுத்தார்கள், யார் பாக்கி என்பதை நோட்டுப் பார்க்காமல் சொன்னார். மருமகள் நோட்டை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். பிசகில்லை.

சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்பார்மின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறையலாம், பி12 குறைந்தால் ஞாபகம் மங்கலாம். தைராய்டும் அப்படித்தான். இரண்டையும் பார்க்கச் சொன்னேன். தைராய்டு சரியாக இருந்தது, பி12 கொஞ்சம் குறைவு. அவரது மருத்துவர் அதற்கு மாத்திரை கொடுத்தார். இந்த நகை விஷயத்துக்கு அதைக் காரணமாக்க எனக்கு மனம் வரவில்லை. சீட்டுக் கணக்கு முழுக்க நிற்கிற தலையில் ஒரே ஒரு பத்து நிமிடத்தை மட்டும் பி12 எடுத்துக்கொண்டு போகாது.

மகனிடம் "நோய் மாதிரி தெரியலை, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்" என்றேன். அவர் முகத்தில் நிம்மதியைக் காணோம். நோய் இல்லையென்றால் திருட்டு என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

பதியாதது ஒன்று, எடுக்க வராதது இன்னொன்று

பையிலிருந்து 100 ரூபாய் நோட்டை எடுத்து மடித்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் என்ன படம் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டேன். ஊதா நிற நோட்டு, 2018இல் வந்தது, தினமும் கையில் புரள்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. குஜராத்தில் இருக்கும் ராணி கி வாவ் என்ற படிக்கிணறு அது. இதை அவர்கள் மறக்கவில்லை. மறப்பதற்கு முதலில் பதிந்திருக்க வேண்டுமே. கண்ணில் படுவதெல்லாம் தலையில் ஏறாது, கவனம் கொடுத்தது மட்டும்தான் ஏறும்.

ஒரு நேரத்தில் மனத்தின் கையில் பிடித்துவைத்துக்கொள்ள முடிவது மிகக் குறைவு. 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001இல் நெல்சன் கோவன் ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து ஏறக்குறைய நான்கு என்று இறக்கினார். 17 பேருக்குச் சமையல், அடுப்பில் குக்கர், வாசலில் பால்காரர், ஐஸுக்குக் காசு கேட்டு முந்தானையை இழுக்கிற பேரன். நாலு ஆகிவிட்டது. நகை ஐந்தாவது.

அப்படியானால் அந்த இடம் பதியவே இல்லையா? அல்லது பதிந்தும் எடுக்க வழி தெரியாமல் கிடக்கிறதா? மறதியில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி "தெரியலையே"தான். முதலாவதென்றால் அம்மாவை எவ்வளவு கேட்டும் பயனில்லை, வீட்டைத்தான் தேட வேண்டும். இரண்டாவதென்றால் கேட்கிற விதத்தை மாற்றினால் வரும்.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். மறுபடி படிக்கையில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, 31ஆம் நாள் 21. முதல் ஒரு நாளில் சரிந்தது போக, அடுத்த ஒரு மாதத்தில் போனது கொஞ்சம்தான். நான் போனதும் 31ஆம் நாள் என்பதால் இது நினைவுக்கு வந்தது. ஆனால் எபிங்ஹாஸின் அசைகளுக்கு வாசனை கிடையாது, சத்தம் கிடையாது, அவற்றைச் சுற்றி ஒரு தேர்த் திருவிழா கிடையாது. அம்மாவின் அந்தச் சாயங்காலத்துக்கு எல்லாம் இருந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவுசெய்தேன்.

என் தப்பு

மகன் ஹிப்னாடிசம் செய்யச் சொன்னார். மறுத்தேன். அந்த நிலையில் ஆட்கள் நிறையச் சொல்வார்கள், உறுதியாகவும் சொல்வார்கள். சொல்வது சரியா என்பதில் மட்டும் முன்னேற்றம் இருக்காது. அடுத்து, அந்தப் பெண்ணுக்கு "நார்கோ டெஸ்ட் மாதிரி ஏதாவது" என்றார். ஒருவர் சம்மதமில்லாமல் நார்கோவோ (மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பது) பாலிகிராபோ (பொய் கண்டறியும் கருவி) செய்யக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டதைச் சொன்னேன். கொஞ்சம் காரமாகத்தான் சொன்னேன்.

பிறகு என் பங்குக்கு நானும் ஒன்றைக் கெடுத்தேன். வினோகிராட், சோலோவே என்ற இருவரின் 1986ஆம் வருஷ ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாருக்கும் தோன்றாத விசித்திரமான இடத்தில் ஒரு பொருளை வைத்தால் நன்றாக ஞாபகம் இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அப்படிப்பட்ட இடங்கள்தான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். பொருளுக்கும் இடத்துக்கும் ஒட்டு இல்லை, அதனால் ஒன்றை நினைத்தால் மற்றொன்று வருவதில்லை. அம்மாவும் "யாருக்கும் தோணாத எடமாத்தான் வெச்சேன்" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? விசித்திரமான இடங்களாகத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அடியில், சாமி படங்களின் பின்னால், ஓட்டுச் சந்தில், பழைய மிக்சிக்குள். கிடைக்கவில்லை. பிடித்த ஆய்வு ஒன்று கையில் இருந்தால் பார்க்கிறதெல்லாம் அதற்குள்தான் அடங்கும் போலிருக்கிறது.

அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்பிப் போதல்

38ஆம் நாள் இரண்டாம் முறை போனேன். இந்தத் தடவை நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று வீட்டாரிடம் சொல்லிவைத்தேன். இரண்டு வாரமாக மணிக்கு ஒரு தரம் "எங்கம்மா வெச்ச" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கக் கேட்கப் பதற்றம் ஏறும். பதற்றம் ஏறினால், இருக்கிற ஞாபகமும் கைக்கு எட்டாது.

சாட்சிகளை விசாரிக்க பிஷர், கெய்செல்மன் இருவரும் 1980களில் ஒரு முறையை வகுத்தார்கள். சம்பவம் நடந்த சூழலை மனத்தில் மறுபடி கட்டச் சொல்வது, அற்பமாகத் தோன்றினாலும் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வது, பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொல்வது என்று போகும். இதன் அடிப்படை எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் சொன்னது: ஒரு விஷயம் பதியும்போது கூடவே பதிந்தவைதான் அதை மறுபடி எடுக்கும் கொக்கிகள். பாடப் புத்தகங்களில் இதற்குக் கடலில் முக்குளிப்பவர்களைக் காட்டுவார்கள். ஸ்காட்லாந்துக் கடலில் காடனும் பேட்லியும் 1975இல் செய்தது: நீருக்கடியில் படித்த சொற்கள் நீருக்கடியிலும், கரையில் படித்தவை கரையிலும் நன்றாக நினைவு வந்தன. 2021இல் அதே சோதனையை மறுபடி செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. இடத்தை மாற்றினால் எல்லாம் கொட்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் கொக்கி இல்லாமல் எடுக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அம்மாவைப் பீரோ அறையில், அன்று நின்ற நேரத்தில், மாலை ஆறரைக்கு உட்கார வைத்தேன். மத்தியானத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினார். இலவம்பாடி கத்தரிக்காய் கிலோ என்ன விலை சொன்னான் என்பதுவரை வந்தது. பம்பைச் சத்தம் தெருமுனையில் கேட்டது. கரண்ட் போனது. மொபைல் வெளிச்சத்தில் பீரோவைத் திறந்தார். அப்புறம்?

"அப்புறம்... கை ஈரமா இருந்துச்சு. கத்தரிக்கா கழுவின கை. பஞ்சு ஒட்டிகிச்சு வெரல்ல. கழுவணும்னு நெனச்சேன். குக்கர் கத்துச்சு, போய்ட்டேன்."

பஞ்சு. வீட்டில் எல்லோரும் தலையணையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இலவம்பஞ்சுத் தலையணைகள் மூன்றைக் கிழித்தோம். அறை முழுக்கப் பஞ்சு பறந்தது, நகை இல்லை. பெருக்கும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. வேலைக்கு வந்துகொண்டிருந்தவரைத்தான் நிறுத்திவிட்டார்களே. அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

விரல்

45ஆம் நாள், மூன்றாம் சந்திப்பு. உண்மையைச் சொன்னால், முடித்துக்கொள்ளத்தான் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பேசும்போதெல்லாம் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டியபடி இருந்தன. என்ன அது என்றேன். "இதுவா, பழக்கம்" என்று சிரித்தார். "முப்பது வருஷம் தார் சுத்தின கை."

நெசவு தெரியாதவர்களுக்கு: ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றுவார்கள். அந்தத் தாரை நாடா என்கிற ஓடத்துக்குள் போட்டால் அது நீளவாக்கில் இருக்கும் பாவு நூலுக்குள் குறுக்கே ஓடும். சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இடது கையில் நூலை அளவாக விட்டு, வலது கையால் ராட்டையைச் சுற்ற வேண்டும். இறுக்கினால் அறும், தளர்த்தினால் சரியும். எப்படி என்று காட்டச் சொன்னேன். ராட்டை இல்லை, நூல் இல்லை. வெறுங்காற்றில் சுற்றிக் காட்டினார். 11 வருஷம் தொடாத வேலை. நூல் அறுகிற இடத்தில் கை தானாக நின்று, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓடியது. இல்லாத நூலுக்கு முடிச்சு.

ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு 2008இல் சாகும்வரை அவர் தலையில் புதிய சம்பவம் எதுவும் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரக் கோடு போடுகிற கஷ்டமான வேலையைப் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேறியது. ஒவ்வொரு நாளும் அவர் அதை முதல் தடவையாகச் செய்வதாகவே நினைத்தார். கையின் ஞாபகத்துக்குக் கிடங்கு வேறு. சம்பவ ஞாபகத்துக்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும், கைப்பழக்கம் அது இல்லாமலே ஓடும்.

அம்மா காற்றில் சுற்றிக்கொண்டே பேசினார். சனிக்கிழமை கூலி வரும். கூலிப் பணத்தைக் கணவர் கண்ணில் பட வைக்க முடியாது, சீட்டாடித் தீர்த்துவிடுவார். "அதனால வந்த ஒடனே தார் டப்பாக்குள்ளாற போட்ருவேன். குச்சிக்கு அடியில. அவரு அதத் தொடமாட்டாரு..."

கை நின்றது. முடிச்சுப் போடும் இடத்தில் நிற்பது போலில்லை. நின்றேவிட்டது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். தையல் மிஷினுக்குக் கீழே, ஓரமாக, துருப்பிடித்த பிஸ்கட் டின். மூடியைத் திறந்தால் மேலே தார்க்குச்சிகள், கட்டுக் கட்டாக, நூல் பிசிறு ஒட்டியபடி. அடியில் 14 சவரன்.

மருமகள் முதல் நாளே அந்த டின்னைத் திறந்து பார்த்திருக்கிறாள். "குச்சியா இருந்துச்சு. மூடி வெச்சிட்டேன்."

விசித்திரமான இடம் என்ற என் கணக்கு முற்றிலும் தப்பு. மற்றவர்களுக்குத்தான் அது யாருக்கும் தோன்றாத இடம். அம்மாவின் கைக்கு, முப்பது வருஷமாக எதையும் ஒளிக்கிற ஒரே இடம். குக்கரும் பேரனும் கவனத்தைப் பிடுங்கிக்கொண்ட அந்தப் பத்து நிமிடத்தில், கை பழைய வழியிலேயே போய் வைத்துவிட்டு வந்திருக்கிறது. அதனால்தான் வைத்த சம்பவம் மங்கலாகப் பதிந்தது. திரும்பி வரும் வழி இந்த வருஷத்துத் தேரில் இல்லை, பழைய சனிக்கிழமைகளில் இருந்தது. தேர் நாளைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் கேட்டேன். கூலி நாளைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை.

கிடைத்த பிறகு

நகை கையில் வந்த ஐந்தாவது நிமிடம் அம்மா, "இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சு. பச்சைக் கர்ச்சீப்புல மூட்டை கட்டி வெச்சேன்" என்றார். நகை இருந்தது நகைக்கடைக்காரர் கொடுத்த சிவப்புச் சுருக்குப் பையில். காட்டினேன். "இல்ல, கர்ச்சீப்புதான். யாரோ மாத்தியிருக்காங்க" என்றார். மகன் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு சந்தேகத்துக்கு விதை விழுவது தெரிந்ததால் அங்கேயே நிறுத்தினேன்.

ஞாபகம் என்பது பெட்டியிலிருந்து எடுத்து நீட்டுவது போலல்ல, ஒவ்வொரு தடவையும் கிடைத்ததை வைத்துக் கட்டுவது என்று கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் 1932இல் எழுதினார். அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர்கள் வாயில் துடுப்போடம் சாதாரணப் படகாகிவிட்டது, புரியாத பகுதிகள் காணாமல் போயின. யாரும் பொய் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ஓட்டை இருந்த இடத்தில் ஒரு கர்ச்சீப் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அது உண்மையான ஞாபகத்தைப் போலவே தெளிவாக இருக்கும். ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வைத்து எதையும் நான் முடிவு செய்வதில்லை. என்னையும் சேர்த்து.

பையன் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டாம் சந்திப்பில் அவனிடம் தனியாகப் பேசியபோது, "அவங்க கையில இருந்த பை பெருசா, சின்னதா?" என்று கேட்டேன். என்னிடம் அவன் பையைப் பற்றி அதுவரை பேசவே இல்லை. மருமகள் சொல்லி என் காதில் இருந்தது, என் கேள்வியில் ஏறிவிட்டது. "பெருசு" என்றான். மூன்றாம் சந்திப்பில் அது "ஜவுளிக்கடை பேர் போட்ட பெரிய மஞ்சப்பை" ஆகியிருந்தது. மை போட்டவர் நட்டதற்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இதைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான். எலிசபெத் லோப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் கார் விபத்துப் படத்தைக் காட்டி, வண்டிகள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "தொட்டபோது" என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். சராசரி 40 மைலுக்குச் சற்று மேல், 31.8 மைல். படம் ஒன்றே, மாறியது ஒரு சொல். வேறொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 32 சதவீதம் பேர் பார்த்தோம் என்றார்கள். "இடித்த" என்று கேட்டவர்களில் 14. படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

பச்சைப் புடவை எங்கிருந்து வந்தது? மை போட்ட வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பெண்மணி பச்சை கட்டியிருந்ததாக மருமகளுக்கு ஞாபகம். அங்கே பார்த்தது இங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். என்ன பார்த்தோம் என்பது நிற்கும், எங்கே பார்த்தோம் என்பது கழன்றுபோகும், இது பெரியவர்களுக்கும் நடக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகளெல்லாம் ஓடிய பிறகு மருமகளின் ஞாபகத்தை மட்டும் நான் எப்படி நம்புவது?

நம்ப ஒன்று கிடைத்தது. சிரசு அன்று காலை 8.40க்கு மருமகள் மொபைலில் எடுத்த குடும்பப் படம். பின்னால் தொட்டி ஓரத்தில் அந்தப் பெண் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அம்மனுக்கு வேண்டுதலாம், மஞ்சள் புடவை, சிவப்புக் கரை. தேய்த்து முடித்து ஒன்பது மணிக்கெல்லாம் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டதாக அவரே பிறகு சொன்னார்.

நகை கிடைத்த மறுநாள் அம்மா வெற்றிலை பாக்கும் புடவையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அந்தப் பெண் உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார். வெற்றிலையை எடுத்துக்கொண்டார், புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டு வேலைக்கு அவர் மறுபடி வரவில்லை.

ஆறு மாதம் கழித்து அம்மாவின் மறுபரிசோதனைக்காகப் போயிருந்தபோது பையனிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். நகையைப் பாட்டிதான் வைத்தார், யாரும் எடுக்கவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். டின்னைத் திறந்தபோது பக்கத்தில்தான் நின்றான். படத்தைப் பெரிதாக்கி, மஞ்சள் புடவையைக் காட்டி, "அன்னைக்குக் காலையில எடுத்தது, பாரு, நேரம்கூடப் போட்டிருக்கு" என்றேன். இதெல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான், எனக்கும் நடக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மொபைலை வாங்கி உற்றுப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"இதுக்கப்புறம் மாத்திகினாங்க மேடம். பச்சைப் புடவை. நான் பார்த்தேன்."